காயலான் கடையில் எதுவும் சும்மா கிடப்பதில்லை

கேள்வி: "ரயில் மாடலில் இருப்பதிலேயே சுலபமான காட்சி காயலான் கடைதான். உடைந்த பொம்மைக் கார் நாலு, துரு நிறத்தில் ஒரு புட்டி பெயின்ட், எல்லாவற்றையும் மூலையில் கொட்டி ஒட்டினால் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிடும். இதற்கு ஐந்து மாதமா?"

ஜனவரி 14

ஐந்து மாதம் இல்லை, ஏழு. முதல் இரண்டு மாதம் செய்ததை முழுசாகப் பெயர்த்துப் போட்டுவிட்டேன், அதனால் கணக்கில் சேர்க்கவில்லை. பெயர்த்துப் போட்டது நீங்கள் சொல்கிற அதே முறையில் செய்த குவியல். பார்க்க நன்றாகத்தான் இருந்தது, வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். ஆடி மாதம் சித்தப்பா வந்தார். அவர் 1979-லிருந்து ஆறு வருஷம் சென்னைப் புதுப்பேட்டையில் வண்டி பிரிக்கும் வேலை பார்த்தவர். பலகைமேல் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். "எல்லாத்தையும் கலந்து போட்டிருக்கியேடா, கலந்து போட்டா எவன் வாங்குவான்?" என்றார். டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அந்த ஒரு கேள்வியில் என் குவியல் மொத்தமும் பொய் என்று புரிந்துவிட்டது. காயலான் கடைக்காரர் குப்பை சேர்ப்பதில்லை, பிரித்துப் பிரித்து விற்கிறார். செம்புக்கு ஒரு விலை, பித்தளைக்கு ஒரு விலை, அலுமினியத்துக்கு ஒன்று, வார்ப்பிரும்புக்கு ஒன்று, மெல்லிய தகரத்துக்கு எல்லாவற்றிலும் குறைந்த விலை. பிரிக்காமல் விட்டால் எல்லாமே தகர விலைக்குப் போகும். இது உலோகமாக எடைக்குப் போவதைப் பற்றி மட்டும். புதுப்பேட்டையில் பெரிய வியாபாரமே உதிரி பாகமாக விற்பது. கியர்பாக்ஸ் கியர்பாக்ஸாக, கதவு கதவாக, ஸ்டியரிங் ஸ்டியரிங்காக. அங்கே போனவர்களுக்குத் தெரியும், சைலன்சர் ஒரு கடை, டயர் ஒரு கடை, கண்ணாடி ஒரு கடை என்று தெருவே வரிசை பிடித்து நிற்கும்.

என் பலகை 90-க்கு 40 சென்டிமீட்டர். 1:87 கணக்கில், அதாவது நிஜத்தை 87 மடங்கு சுருக்கினால், ஏறத்தாழ 78 மீட்டர் நீளம், 35 மீட்டர் அகலம் உள்ள இடம். காலம் 1984, ஊர் மெட்ராஸ், ஓரத்தில் மீட்டர் கேஜ் சைடிங் (பக்கத் தண்டவாளம்) ஒன்று. புதுப்பேட்டைக்குள் ரயில் சைடிங் கிடையாது என்று எனக்கே தெரியும். ஆனால் எழும்பூர் ஸ்டேஷனிலிருந்து நடந்து போகிற தூரம்தான், ஒரு பக்கம் கூவம். அந்த நடை தூரத்தை நான் கொஞ்சம் சுருக்கிக்கொண்டேன்.

ஜனவரி 16

தண்டவாளம் எது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். 1000 மில்லிமீட்டரை 87-ஆல் வகுத்தால் 11.5 வரும், நான் போட்டிருப்பது கடையில் கிடைக்கும் 12 மி.மீ. தண்டவாளம். அரை மில்லிமீட்டர் கூடுதல், கண்ணுக்குத் தெரியாது. அகலப் பாதை செய்கிறவர்களுக்குத்தான் சிக்கல்: 1676-ஐ 87-ஆல் வகுத்தால் 19.3, கடையில் கிடைப்பதோ 16.5. மீட்டர் கேஜ் எடுத்ததற்கு இது பாதிக் காரணம். மீதிப் பாதி, சின்ன வயதில் எழும்பூரில் பார்த்தது அதுதான்.

ஜனவரி 21

சரி, துரு. முதல் முயற்சியில் நான் செய்த பெரிய தப்பு, எல்லாவற்றுக்கும் ஒரே செங்கல் நிறம் அடித்தது. போன வாரம் புதுப்பேட்டைக்குப் போய் ஒரு மணி நேரம் நிறத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். துருவே பல நிறம். நேற்று நனைந்த வெட்டுமுனை பளீரென்று ஆரஞ்சு. ஆறு மாதம் கிடந்த தகரம் காவி. பல வருஷம் கிடந்த கனமான இரும்பு கறுத்த பழுப்பு, கிட்டத்தட்ட கருப்பட்டி நிறம். கேஸ் கட்டிங் போட்ட விளிம்பு முதல் நாள் நீலச் சாம்பலாக இருக்கிறது, ஒரு மழை பட்டதும் அதுதான் எல்லாவற்றையும்விட ஆரஞ்சாகிறது.

துருவே பிடிக்காதவைதான் காட்சியை நம்ப வைக்கின்றன. எஞ்சின் பிளாக் வார்ப்பிரும்புதான், ஆனால் எண்ணெயில் ஊறியதால் கறுப்பாகப் பளபளக்கும், அதன்மேல் புழுதி படிந்திருக்கும். பிஸ்டன் அலுமினியம், அது வெளுத்துச் சாம்பலாகும், துருப்பிடிக்காது. டயரைச் சுத்தக் கறுப்பில் அடிக்காதீர்கள், வெயிலில் கிடந்த டயர் சாம்பல் நிறம்.

காரில் துரு எங்கே தொடங்கும் என்பதும் முக்கியம். கதவின் அடி விளிம்பு, சக்கரத்துக்கு மேல் வளைவு, கண்ணாடி ரப்பர் ஓரம், அதாவது தண்ணீர் தேங்குகிற இடம். மேற்கூரை நடுவில் துரு கடைசியில்தான் வரும், அதற்கு முன்னால் பெயின்ட் வெளுத்துச் சுண்ணாம்பு மாதிரி ஆகிவிடும். நான் முதலில் பழுப்பு அடித்து, ஈரத்தில் உப்புத் தூவி, காய்ந்ததும் மேலே காரின் நிறம் அடித்து, பிறகு உப்பைத் தேய்த்து எடுக்கிறேன். உப்பு இருந்த இடத்தில் அடியிலிருக்கும் பழுப்பு தெரியும். பெயின்ட் உரிந்த மாதிரியே இருக்கும். நவம்பரில் இதைச் செய்யாதீர்கள், சென்னைக் காற்றில் உப்பு காயவே இல்லை, கரைந்து வழிந்துவிட்டது.

நிஜமான துருப்பொடியைவிடச் சிறந்த நிறம் எதுவும் இல்லை. இரும்புக் கம்பளியை வினிகரில் நனைத்து மொட்டைமாடியில் வைத்தால் சில நாளில் பொடியாகிவிடும். பழைய வேட்டித் துணியில் சலித்துத் தூவுங்கள். இதைக் கண்ணை மூடிக்கொண்டு சிபாரிசு செய்கிறேன்.

பிப்ரவரி 2

மேலே ஜனவரி 21-ல் கடைசிப் பத்தியை யாராவது பின்பற்றியிருந்தால் தயவுசெய்து நிறுத்துங்கள். நேற்று என் ஒய்.டி.எம்.4 டீசல் எஞ்சின் சைடிங்கில் இழுத்து இழுத்து ஓடி நின்றுவிட்டது. பிரித்துப் பார்த்தால் மோட்டாரின் காந்தத்தைச் சுற்றி மீசை மாதிரி இரும்புத்தூள். இரும்புக் கம்பளி முழுவதும் துருவாக மாறவில்லை, மாறாத துணுக்குகள் துணியின் இழை வழியாகத் தப்பி வந்திருக்கின்றன. தண்டவாளத்துக்குப் பக்கத்தில் தூவியதை எல்லாம் எஞ்சினின் காந்தம் மேலே இழுத்துக்கொண்டது. மோட்டாரைச் சுத்தம் செய்ய ஒரு இரவு முழுக்க ஆனது, மோட்டாருக்குள் இருக்கும் கார்பன் பிரஷ் ஒன்று போய்விட்டது.

பொடி இன்னும் என்னிடம் இருக்கிறது, ஆனால் இப்போது தூவும் முறை வேறு. பொடியைக் காகிதத்தில் பரப்பி, நல்ல காந்தத்தைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, பொடிக்கு மேலே மெதுவாக நாலைந்து முறை ஓட்டுங்கள். பையில் ஒட்டியதை உதறிவிட்டு மறுபடி ஓட்டுங்கள், எதுவுமே ஒட்டாத வரை. அப்படிச் செய்த பிறகும் தண்டவாளத்திலிருந்து ஐந்து சென்டிமீட்டருக்குள் நான் அதைத் தூவுவதில்லை. அங்கே செம்மண்ணும் காவிப் பொடியும் போதும்.

பிப்ரவரி 4

வாடை பற்றிக் கேட்டவருக்கு: ஆமாம், வினிகர் வாடை இரண்டு நாள் இருக்கும். மூடியை இறுக்கி மூடாதீர்கள், உள்ளே வாயு சேரும்.

பிப்ரவரி 11

தகரக் கூரையும் தகர வேலியும். இதை எப்படிச் செய்தேன் என்றுதான் அதிகம் பேர் கேட்கிறார்கள், எனக்கும் இந்தப் பலகையில் பிடித்த வேலை இதுதான்.

அலைத் தகரத்தில் ஒரு மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் இடைவெளி மூன்று அங்குலம், அதாவது 76 மி.மீ. அதை 87-ஆல் வகுத்தால் 0.87. வெளிநாட்டிலிருந்து வரும் பிளாஸ்டிக் தகடுகள் விலையும் அதிகம், அதைவிட, தடிமன் அதிகம். ஓரம் பார்த்தாலே பிளாஸ்டிக் என்று தெரிந்துவிடும். ஒரு நாள் ஹார்டுவேர் கடையில் நின்றபோது எம்5 போல்ட்டின் (5 மி.மீ. விட்டம்) மரை கண்ணில் பட்டது. எம்5-இன் மரை இடைவெளி 0.8 மி.மீ. 87-ஆல் பெருக்கினால் 70 மி.மீ. கிட்டத்தட்ட சரி!

முழு நீளம் மரை போட்ட எம்5 கம்பி ஒன்று வாங்கினேன். தகடு களிம்பு ட்யூப். பற்பசை ட்யூப் இப்போது பிளாஸ்டிக் கலந்து வருகிறது, ஆனால் மருந்துக் கடை களிம்புகள் பல இன்னும் அலுமினிய ட்யூபில்தான் வருகின்றன. அதை வெட்டி, கழுவி, பழைய சைக்கிள் ட்யூப் ரப்பர்மேல் விரித்து, கம்பியைச் சப்பாத்திக் கட்டை மாதிரி அழுத்தி ஒரே முறை உருட்ட வேண்டும். திரும்ப உருட்டினால் கோடு கலைந்துவிடும்.

இதில் ஒன்று கவனிக்க வேண்டும். மரை சுருளாகப் போவதால் கோடுகள் நேராக வராது, மூன்று டிகிரி சாய்வாக வரும். முதல் பத்துத் தகடும் கோணலாகத் தெரிந்து ஏன் என்று புரியாமல் மண்டை காய்ந்தது. தீர்வு சுலபம்: தகட்டின் ஓரத்தை வைத்து வெட்டாதீர்கள், விழுந்த கோட்டை வைத்து வெட்டுங்கள். ஒரு தகடு 28-க்கு 9 மி.மீ., அதாவது எட்டடிக்கு இரண்டரை அடி. ஒன்றன்மேல் ஒன்று ஓர் அலையாவது ஏறி உட்கார வேண்டும், இல்லாவிட்டால் மழை ஒழுகும். மாடலில் மழை ஒழுகாது, ஆனால் பார்க்கிறவர் மனதில் ஒழுகும்.

வேலியில் எல்லாத் தகடும் ஒரே வயதாக இருக்கக் கூடாது. நாலு புதுசு, பத்து பழசு, நடுவில் ஏதோ ஒரு பழைய பெயர்ப்பலகையைத் திருப்பி அடித்தது ஒன்று.

பிப்ரவரி 18

கார்கள். ஏழு அம்பாசிடர் வைத்திருக்கிறேன், ஏழும் வெவ்வேறு நாள் வேலையில் நிற்கின்றன. இதைத்தான் சித்தப்பாவிடம் உட்கார்ந்து கேட்டு எழுதி வைத்துக்கொண்டேன்.

வண்டி உள்ளே வந்ததும் முதலில் போவது பேட்டரி. அடுத்து ரேடியேட்டர், ஏனென்றால் அதில் செம்பும் பித்தளையும். பிறகு விளக்கு, கண்ணாடி, ஸ்டியரிங், சீட். கண்ணாடி உடையாமல் எடுக்க ரப்பரை முதலில் அறுப்பார்கள். பிறகு பானெட், கதவுகள். அப்புறம் முக்காலி நிறுத்திச் செயின் போட்டு எஞ்சினைத் தூக்குவது. சக்கரம் கடைசியில், ஏனென்றால் சக்கரம் இருக்கும்வரைதான் கூட்டைத் தள்ளிக்கொண்டு போக முடியும். எல்லாம் போன பிறகு வெறும் கூடு, அதைத்தான் கேஸ் கட்டரும் சம்மட்டியும் வைத்துத் துண்டு போடுவார்கள்.

என் பழைய குவியலில் சக்கரம் இல்லாத கார் ஒன்று, ஆனால் கண்ணாடியும் ஹெட்லைட்டும் முழுசாக இருக்கும். அப்படி ஒரு வண்டி எந்த யார்டிலும் நிற்காது.

இன்னொன்று, வண்டிக்கு வண்டி பிரிக்கும் விதம் மாறும். அம்பாசிடருக்குக் கூடும் சட்டமும் ஒன்றாகச் சேர்ந்தது, வெட்டித்தான் ஆக வேண்டும். மெட்ராஸிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் அப்படி இல்லை. அதற்குத் தனிச் சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், மேலே உள்ள உடம்பு பகுதி பகுதியாக போல்ட் போட்டு மாட்டியது. அதன் பானெட்டும் முன் மட்கார்டும் ஒரே துண்டு, முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். கழற்றித் தரையில் வைத்தால் கவிழ்த்துப் போட்ட பரிசல் மாதிரி இருக்கும். அப்படி ஒரு பானெட்டை வேலியோரம் சாய்த்து வைத்திருக்கிறேன், வருகிறவர்களில் ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் எல்லோரும் அதைத்தான் முதலில் தொட்டுக் காட்டுகிறார்கள்.

அம்பாசிடர் நீளம் 1:87-ல் 5 சென்டிமீட்டருக்கு ஒரு மயிரிழை குறைவு. நல்ல ரெடிமேடு பொம்மை எனக்குக் கிடைக்கவில்லை, முப்பரிமாண அச்சில் ஏழு கூடு எடுத்தேன். அச்சின் படிக்கோடுகள் தெரியும், ஆனால் துருவுக்கு அடியில் அது ஒரு குறையே இல்லை. கதவு, பானெட் எல்லாம் தனித்தனியாக அச்சிடுங்கள்.

பிப்ரவரி 19

ராட்சத காந்தக் கிரேனும் கார் நசுக்கும் எந்திரமும் ஏன் இல்லை என்று கேட்டவருக்கு. அமெரிக்க மாடல்களில் அவை அழகாக இருக்கும், அங்கே அவை சரியும்கூட. கூலி அதிகம், இடம் நிறைய, அதனால் காரை அடுக்கடுக்காகப் போட்டு ஒரேயடியாக நசுக்கி எடைக்கு அனுப்புகிறார்கள். புதுப்பேட்டையில் காரின் எடையைவிட அதன் பாகங்களுக்குக் காசு அதிகம், இடமோ ஒரு சந்து. ஸ்பேனரும் உளியும் சம்மட்டியும் செயின் பிளாக்கும்தான் எந்திரம். என் பலகையில் உயரமான பொருள் அந்த முக்காலிதான், 45 மி.மீ.

மார்ச் 3

ஒரு திருத்தம், என்னுடைய கவனக்குறைவு. போன மாதம் படம் காட்டியபோது கார்களின் நம்பர் பிளேட்டில் டிஎன் என்று இருந்தது. மதுரையிலிருந்து ஒரு தம்பி பிடித்துவிட்டார். டிஎன் வந்தது 1989-ல்தான். 1984-ல் காயலான் கடைக்கு வரும் பழைய வண்டி என்றால் பழைய மெட்ராஸ் மாநிலக் காலத்து எம்-இல் தொடங்கும் மூன்றெழுத்தாக இருக்க வேண்டும், கொஞ்சம் பிந்தியது என்றால் டி-இல் தொடங்கும் மூன்றெழுத்து. சொந்தக் கார்களுக்கு அப்போது கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்து. லாரிக்கும் டாக்சிக்கும் வெள்ளையில் கறுப்பு. பிளேட்டின் நீளம் சில மில்லிமீட்டர்தான், ஆனால் இப்போதைய செல்போன் கேமரா அதைப் படித்துவிடுகிறது. ஏழையும் மாற்றிவிட்டேன். நன்றி தம்பி.

அப்புறம் யோசித்தேன். கூட்டை வெட்டும் நிலைக்கு வந்த இரண்டு காரில் பிளேட் இருக்கவே கூடாது, அதைக் கழற்றிய பிறகுதான் வேலை தொடங்கும் என்கிறார் சித்தப்பா. எனவே ஐந்துதான்.

மார்ச் 10

சைடிங்கில் வெட்டுக்கு வந்த நீராவி எஞ்சின் ஒன்றை நிறுத்தலாமே என்று பலர் சொல்கிறீர்கள். ஆசைதான். மீட்டர் கேஜில் ஓடிய ஒய்.பி. வகை நீராவி எஞ்சின்கள் 1949 முதல் 1970 வரை கட்டப்பட்டவை, மொத்தம் 871. 1984-லும் தெற்கே ஓடிக்கொண்டிருந்தன. ஆனால் ரயில்வே எஞ்சினை இவ்வளவு சின்ன யார்டுக்கு இழுத்து வந்து வெட்டுவார்களா என்று எனக்கு மனசு ஒப்பவில்லை. இரண்டு வாரம் யோசித்து, ஒரு பாய்லர் துண்டும் புகைக்கூண்டும் மட்டும் லாரியில் வந்து இறங்கியதாக வைத்திருக்கிறேன்.

அதை எப்படித் துருப்பிடிக்க வைப்பது என்பதற்கு நான் பார்த்தது பேரி. வேல்ஸில் கடலோரம், பேரி துறைமுகத்தில் வுட்ஹாம் சகோதரர்கள் நடத்திய யார்டு. பிரிட்டிஷ் ரயில்வே கழித்த நீராவி எஞ்சின்கள் 1959 முதல் அங்கே வந்தன, மொத்தம் 297. யார்டை நடத்திய டாய் வுட்ஹாம் எஞ்சின்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, வெட்டச் சுலபமான வேகன்களை முதலில் வெட்டினார். அந்த ஒரு வியாபார முடிவால் எஞ்சின்கள் வருஷக்கணக்கில் வரிசையாக நின்றன. 1968-ல் ஆர்வலர்கள் முதல் எஞ்சினை வாங்கி வெளியே கொண்டுபோனார்கள், 1990-ல் கடைசியானது போனது. 213 தப்பித்தன. அவற்றில் எத்தனையோ இன்றைக்கும் நீராவியில் ஓடுகின்றன. இதை எழுதும்போதே எனக்குப் புல்லரிக்கிறது. இங்கே ஓர் ஒய்.பி. வரிசையை யாராவது அப்படி மறந்து விட்டிருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொள்கிறேன்.

பேரி படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். செம்புக் குழாய், பித்தளை வால்வு, எண் பலகை எதுவும் இருக்காது, அவை இருந்த இடத்தில் ஓட்டைகள் மட்டும். இணைப்புத் தண்டுகள் பாதியில் அறுபட்டிருக்கும். பாய்லரைச் சுற்றிய மெல்லிய உறைத் தகடு கிழிந்து தொங்கும், கனமான சக்கரம் மட்டும் அசையாமல் நிற்கும். கடல் காற்று, மெட்ராஸ் மாதிரியே. என் பாய்லர் துண்டுக்கும் மெல்லியது சல்லடை, கனமானது கருப்பட்டி என்று அந்தக் கணக்கில்தான் நிறம் கொடுத்தேன்.

மார்ச் 17

தரை. இதை நான் முன்னாலேயே எழுதியிருக்க வேண்டும், ஏனென்றால் ஜனவரி 21-ல் துருவைப் பற்றி அவ்வளவு எழுதிவிட்டு அது தரையில் இறங்குவதைச் சொல்லவே இல்லை. காயலான் கடை மண் மண்ணாக இருக்காது. எண்ணெயும் கிரீஸும் குடித்துக் குடித்து, மிதிபட்டு, தார் ரோடு மாதிரி கறுத்து இறுகியிருக்கும். எஞ்சின் பிரிக்கும் இடத்தில் மினுமினுப்பு. கூடு வெட்டும் இடத்தில் துருச் செதில். லாரி வந்து போகும் தடம் மட்டும் வெளிறிய புழுதி. ஆகவே லாரி எந்த வழியாக உள்ளே வந்து எப்படித் திரும்பும் என்று முதலில் தீர்மானித்தாக வேண்டும். நான் பொம்மை லாரியைக் கையில் பிடித்து ஓட்டிப் பார்த்தேன், ஒரு கியர்பாக்ஸ் வரிசை வழியை மறித்தது, நகர்த்தினேன்.

தேங்கிய தண்ணீருக்கு ரெசின் ஊற்றும்போது துளி பழுப்பு கலந்தேன். இரண்டு டயருக்குள்ளும் ஆளுக்கொரு சொட்டு. டயரில் தண்ணீர் இல்லாத மெட்ராஸ் யார்டு உண்டா?

லாரி டயரின் விட்டம் நிஜத்தில் ஏறக்குறைய ஒரு மீட்டர், அதனால் 11.5 மி.மீ. ஓ ரிங் (ரப்பர் வளையம்) பொருத்தமாக உட்கார்ந்தது. கார் டயர் ஏழரை. ஸ்பிரிங் பட்டைகளைக் கறுப்புக் காகிதத்தில் வெட்டிக் கட்டாகக் கட்டி வாசல் பக்கம் வைத்திருக்கிறேன், ஏனென்றால் அரிவாள் அடிக்கும் பட்டறைக்காரர்கள் அதற்காகவே வருவார்கள், அவர்களை உள்ளே வரை நடக்கவிடுவதில்லை.

மார்ச் 24

மனிதர்கள். கடையில் வாங்கிய பொம்மை மனிதர்கள் எல்லோரும் நிமிர்ந்து நிற்கிறார்கள், தொப்பி வேறு. இங்கே வண்டி பிரிக்கிறவர் குந்தி உட்கார்ந்துதான் வேலை செய்வார். எட்டுப் பேரை முழங்காலில் அறுத்து, மெல்லிய செம்புக் கம்பியில் காலை மடக்கி, மேலே பட்டிக் கலவை வைத்துக் கைலி கட்டிவிட்டேன். தலையில் துண்டு. ஒருவருக்குச் சரியாக இரண்டு மணி நேரம் ஆனது. குந்தின மனிதர்கள் வந்ததும் பலகை சட்டென்று நம்ம ஊர் ஆகிவிட்டது, தகரத்தாலும் துருவாலும் ஆகாதது இதனால் ஆனது.

தார்ப்பாய் நீலமாக அடித்திருந்தேன். சித்தப்பா போனில் படம் பார்த்துவிட்டு, "எங்க காலத்துல நீலம் ஏது? கித்தான்தான்" என்றார். டிஷ்யூ காகிதத்தை டீ டிகாஷனில் நனைத்துப் பசை தடவிப் போர்த்தினேன். நீலத்தைவிட ஆயிரம் மடங்கு நன்றாக இருக்கிறது. அதே பேச்சில் ஒரு கீற்றுக் கொட்டகையும் சேர்ந்துகொண்டது, முதலாளி உட்காரும் இடத்தை ஒட்டி.

ஏப்ரல் 14

புத்தாண்டுக்குச் சித்தப்பா வந்திருந்தார். இந்த முறை நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். வாசலுக்கு வெளியே தலையில் கூடையோடு ஓர் ஆள் நிற்கிறார், அவரைக் காட்டி யார் என்று கேட்டார். பேரீச்சம்பழக்காரர் என்றேன். "பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்" என்று தெருவில் கூவிக்கொண்டு போனவர், சாயங்காலம் சேர்த்ததை எடை போட இங்கேதானே வந்தாக வேண்டும்? சித்தப்பா சிரித்துக்கொண்டே அந்தக் குரலிலேயே ஒரு முறை கூவிக் காட்டினார், பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

பிறகு இடுக்கி கேட்டார். கை நடுக்கம் இருக்கிறது, இருந்தாலும் கொடுத்தேன். கதவு வரிசை சரி என்றார். வார்ப்பிரும்பு சரி. பிஸ்டன் குவியல் பெரிசு, இத்தனை வண்டிக்கு அவ்வளவு வராது என்றார், பாதியை எடுத்துவிட்டேன். கேஸ் சிலிண்டர் வெயிலில் நிற்கிறது, நிழலுக்கு மாற்றச் சொன்னார். கடைசியில் வேலியோரம் நான் அழகாகச் சாய்த்து வைத்திருந்த மூன்று ரேடியேட்டர்களை ஒவ்வொன்றாக எடுத்து, கீற்றுக் கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் சின்னத் தகர அறைக்குள் வைத்தார். "செம்பை ராத்திரி வெளியில விட்டுட்டு எந்த முதலாளிடா தூங்குவான்?"

அந்த அறைக்கு ஒரு கதவு உண்டு, தாழ்ப்பாள் உண்டு. பூட்டு இல்லை. இப்போது அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன், நிஜத்தில் ஏழு சென்டிமீட்டர் பூட்டு இங்கே 0.8 மி.மீ. வருகிறது. பித்தளைக் கம்பி நுனியைத் தட்டித் தட்டையாக்கி இரண்டு செய்தேன். ஒன்று தரையில் விழுந்து காணாமல் போய்விட்டது, பித்தளை என்பதால் காந்தத்தாலும் தேட முடியவில்லை.